மோட்டார் கிளைடருக்கு இறக்கை: விகிதத்தை விடுங்கள், நீளத்தைப் பாருங்கள்

காட்பாடிப் பக்கம் படிக்கும் பொறியியல் மாணவர்கள் சிலர், இரண்டு பேர் பக்கத்தில் பக்கம் உட்காரும் மோட்டார் கிளைடர் (எஞ்சினால் ஏறி, அதை அணைத்துவிட்டுச் சறுக்கிப் பறக்கும் விமானம்) ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். மொத்த எடை 650 கிலோ, மூக்கில் 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் எஞ்சின். அவர்கள் கேட்பது: "இறக்கை நீளம் 16 மீட்டர், நீள அகல விகிதம் 20 என்று முடிவு செய்துவிட்டோம். சரிதானா? கையில் எப்படிப் பறக்கும்? வேலூர் வெயிலில் ஏறுமா?"

நீள அகல விகிதம் என்பது இறக்கை நீளத்தை அதன் சராசரி அகலத்தால் வகுத்த எண். 16 மீட்டர் சரி. 20 வேண்டாம். அதே 16 மீட்டரில் விகிதத்தை 16 ஆக இறக்கிவிடுங்கள், அதாவது இறக்கைப் பரப்பை 12.8 சதுர மீட்டரிலிருந்து 16 சதுர மீட்டராக ஏற்றுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும்.

தூக்கு விசையை உண்டாக்குவதற்காக விமானம் கட்டும் வரிதான் தூண்டு இழுவை. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அது எடையின் வர்க்கத்தை இறக்கை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்ததைப் பொறுத்தது. அந்தச் சூத்திரத்தில் அகலமே இல்லை. பாடப்புத்தகத்தில் குணகங்களாக எழுதும்போது நீள அகல விகிதம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நியூட்டனில் எழுதினால் நீளம் மட்டும்தான் மிஞ்சும். மணிக்கு 103 கி.மீ. வேகத்தில், 650 கிலோவுக்கு, 16 மீட்டர் இறக்கையில் தூண்டு இழுவை சுமார் 120 நியூட்டன். 12 மீட்டரில் 213. 18 மீட்டரில் 95. நீளத்தில் கை வைத்தால் எவ்வளவு ஆடுகிறது பாருங்கள்.

அகலத்தைக் குறைத்தால் என்ன கிடைக்கிறது? காற்று உரசும் பரப்பு குறைகிறது, அவ்வளவுதான். 16 சதுர மீட்டர் இறக்கையோடு, புரொப்பெல்லரைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்திய நிலையில், உராய்வு மற்றும் வடிவ இழுவைக் குணகம் 0.015 என்று கொள்ளுங்கள். சுத்தமாகக் கட்டிய விமானத்துக்கு இது எட்டக்கூடிய எண். கிளைடு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னே போகும் மீட்டர்) 26.7 வரும். பரப்பை 12.8 ஆகக் குறைத்தால் 28. ஒன்றேகால் புள்ளி லாபம். அதற்குக் கொடுக்கும் விலை: ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை தூக்கு இழந்துவிடும் வேகம்) மணிக்கு 75 கி.மீ.யிலிருந்து 84 கி.மீ. ஆகிறது. தரையைத் தொடும்போது உள்ள இயக்க ஆற்றல் 25 சதவீதம் கூடுகிறது. வெப்பக் காற்றுத் தூணில் சுற்றும் வட்டத்தின் ஆரமும் அதே 25 சதவீதம் பெரிதாகிறது. வேரில், அதாவது உடலோடு சேரும் இடத்தில், இறக்கையின் பருமன் ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், ஸ்பார் எனும் முதுகெலும்புத் தூலத்தின் மேல், கீழ்ப் பட்டைகள் தாங்க வேண்டிய விசை 25 சதவீதம் ஏறுகிறது. ஒன்றேகால் புள்ளிக்கு இது அநியாய விலை.

விதிமுறையும் இதையே பார்க்கிறது. கிளைடர்களுக்கான ஐரோப்பாவின் சி.எஸ்.22 விதிப்படி, எடையைக் கிலோவில் எடுத்து, இறக்கை நீளத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி, வகுத்தால் 3-க்கு மேல் போகக்கூடாது. போனால் அது மோட்டார் கிளைடர் வகையில் சேராது. நீள அகல விகிதத்துக்கு அங்கே எல்லையே இல்லை. உங்கள் விமானத்துக்கு 650-ஐ 256-ஆல் வகுத்தால் 2.54, தேறிவிடும். டயமண்ட் எச்.கே.36 சூப்பர் டிமோனா (770 கிலோ, 16.33 மீ.) 2.89. குரோப் 109பி (850 கிலோ, 17.4 மீ.) 2.81. மூக்குக் கூம்புக்குள் புரொப்பெல்லரை மடக்கி ஒளித்துவைக்கும் ஸ்டெம்மே எஸ்10 (850 கிலோ, 23 மீ.) 1.6, கிளைடு விகிதம் 50 என்று அது சொல்லிக்கொள்வதன் காரணம் பெரும்பாலும் அந்த 23 மீட்டர்தான். நம்மூர் என்.சி.சி. மாணவர்கள் ஓட்டும் பிபிஸ்ட்ரல் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80-ஐ, 10.7 மீட்டர் இறக்கையோடு, இந்த எல்லைக்குள் கொண்டுவரவே முடியாது. அது நல்ல மைக்ரோலைட் (எடை மிகக் குறைந்த சிறு விமானம்). மோட்டார் கிளைடர் அல்ல. அதே கம்பெனியின் சைனஸ், ஏறத்தாழ அதே எடைக்கு 15 மீட்டர் இறக்கை வைத்திருப்பதால் உள்ளே வருகிறது.

அப்படியானால் 18, 20 மீட்டர் என்று நீட்டிக்கொண்டே போகலாமே? போகலாம், கட்ட முடிந்தால். ஸ்பாரின் கணக்கைப் பாருங்கள். யுடிலிட்டி வகைக்கு விதி கேட்கும் எல்லைச் சுமை 5.3 ஜி (எடையைப் போல 5.3 மடங்கு), அதன் மேல் 1.5 மடங்கு பாதுகாப்புக் காரணி. இறக்கை எடை 180 கிலோ, மீதி 470 கிலோ என்று வைத்தால், வேரில் வளைவுத் திருப்புமை எல்லைச் சுமையில் 41 கிலோநியூட்டன் மீட்டர், உடைசுமையில் 62. வேர் அகலம் 1.25 மீட்டர், பருமன் 17 சதவீதம் என்றால் பட்டைகளின் நடுக்கோடுகளுக்கிடையே 18 செ.மீ. கிடைக்கும். ஒவ்வொரு பட்டையும் 345 கிலோநியூட்டன், அதாவது 35 டன் தாங்க வேண்டும்: கீழ்ப்பட்டை இழுவிசையில், மேல்பட்டை அழுத்தத்தில். உடைவது பெரும்பாலும் மேல்பட்டைதான். கண்ணாடி இழை, கார்பன் இழை இரண்டுமே இழுவிசையைவிட அழுத்தத்தில் பலவீனம். கையால் போடும்போது இழை கொஞ்சம் நெளிந்தாலும் அந்த இடத்தில் அழுத்த வலிமை சரியும். ஆகவே பட்டைக்கான ரோவிங்கை (முறுக்காத இழைக் கற்றை) இழுத்துப் பிடித்தே படுக்க வைக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுக்கும் வலிமை எண்ணை நம்பி வடிவமைக்காதீர்கள். நீங்கள் போட்ட முறையிலேயே, நீங்கள் வாங்கிய பிசினிலேயே மாதிரித் துண்டுகள் செய்து, அழுத்தி உடைத்து, வந்த எண்ணை வையுங்கள்.

நம்மூருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கூட்டுப்பொருள் கிளைடர்களை வழக்கமாக 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வலிமை காட்டிச் சான்று வாங்குவார்கள். கத்திரி வெயிலில் வேலூரில் காற்றே 42 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிற்கும் இறக்கைத் தோல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தால்தான் அந்த 54-க்குப் பக்கத்தில் நிற்கும். நீலம், சிவப்பு அடித்தால் அதைவிட வெகுவாக மேலே போய்விடும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகவிட்ட எபாக்சி அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். பின்சூடேற்றம் (இறுகிய பிறகு மறுபடி சூடேற்றுவது) செய்தே தீர வேண்டும். கல்லூரிச் சின்னத்தை இறக்கை மேல் பெரிதாக வரையும் ஆசை இருந்தால், வால் துடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வடிவம். உங்கள் 16 சதுர மீட்டருக்கு நான் போடுவது இப்படி: வேரில் 1.25 மீ. அகலம், நடுவிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் 1.05 மீ., நுனியில் 0.5 மீ. கூட்டினால் 16.15 சதுர மீட்டர் வரும். இரண்டே நேர்க்கோட்டுத் துண்டு; அச்சு செய்வது எளிது; நீள்வட்டப் பரவலுக்கு வேண்டிய அளவு நெருக்கம். நுனியை 0.35 மீட்டருக்கு ஒடுக்கினால் படத்தில் அழகாக இருக்கும், ஸ்டாலில் முதலில் அதுதான் விழும். காரணம் இரண்டு. ஒடுங்கிய நுனியில் அந்த இடத்துத் தூக்குக் குணகம் வேரைவிட அதிகமாகிறது. அதோடு ரெய்னால்ட்ஸ் எண் (வேகம், அகலம், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தது) சிறுத்துவிடுகிறது. அரை மீட்டர் நுனிக்கே, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், கடல்மட்டக் குளிர்ந்த காற்றில் ஏறத்தாழ 7.5 லட்சம், 40 டிகிரி வேலூர்க் காற்றில் அது 6.7 லட்சமாக இறங்கும். வெப்பக் காற்று அடர்த்தியும் குறைந்தது, பாகுத்தன்மையும் கூடியது என்பதால் இரண்டு பக்கமும் அடி. அந்த எல்லையில் பல ஏர்ஃபாயில்களில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவங்களில்) அடுக்கு ஓட்டம், அதாவது கலையாமல் ஒட்டி ஓடும் காற்று, பிரிந்து குமிழி விழும், இழுவை ஏறும், உச்சத் தூக்கு குறையும். நுனிக்கு வேறு ஏர்ஃபாயில் போடுவதும், 2 முதல் 3 டிகிரி கீழ்முறுக்கு (நுனியின் முன்விளிம்பைத் தாழ்த்தி முறுக்குவது) வைப்பதும் இதற்குத்தான். 3 டிகிரியைத் தாண்டாதீர்கள். வேகமாகப் போகும்போது நுனி கீழ்நோக்கித் தூக்கத் தொடங்கி, மிச்சம்பிடித்த இழுவை திரும்ப வந்துவிடும்.

ஏர்ஃபாயிலைப் பொறுத்தவரை மோட்டார் கிளைடர் ஒரு சமரசம். ஹாஃப்மன் எச்36 டிமோனாவில் வோர்ட்மன் எஃப்.எக்ஸ். 63-137 இருக்கிறது: வளைவு அதிகம், பருமன் 13.7 சதவீதம், மெதுவாகப் பறப்பதில் அருமை. ஆனால் மூக்கைக் கீழே தள்ளும் திருப்புமை பெரிது, வேகமாகப் போனால் வால் கீழ்நோக்கி நிறையத் தள்ள வேண்டிவரும், அதற்கும் இழுவை உண்டு. குரோப் 109-இல் எப்ளர் 580. ஃபிளாப் (பின்விளிம்பில் மடங்கி வளைவை மாற்றும் பலகை) வைத்தால் இந்த இழுபறி குறையும். சைனஸில் ஐலெரானும் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை) ஃபிளாப்பும் ஒன்றே, மைனஸ் 5 முதல் பிளஸ் 18 டிகிரி வரை. ஆனால் முதல் விமானத்துக்கு இப்படி இரண்டும் சேர்ந்த ஃபிளாப்பரான் வேண்டாம் என்பேன். கலவைக் கருவியின் ஒவ்வொரு மூட்டிலும் தளர்வு சேரும், தளர்வு ஐலெரான் படபடப்புக்கு (காற்றில் தானாகவே பெருகும் ஆபத்தான அதிர்வு) அழைப்பு.

ஏர்ஃபாயில் பட்டியலில் உள்ள எண்கள் சுத்தமான, மென்மையான பரப்புக்கானவை. 50 மி.மீ. நீளத்தில் 0.1 மி.மீ. அலைக்கு மேல் இருந்தால் அடுக்கு ஓட்டம் சொன்ன இடம்வரை நீடிக்காது. ஸ்பார் இருக்கும் இடத்தில் மேல்தோல் வருடக்கணக்கில் பிசின் சுருங்கிப் பள்ளமாவது பொதுவான கோளாறு. ஒளியைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரியும், மறுபடி தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். அடுத்தது பூச்சி. முதல் மழை பெய்த மறுநாள் மாலை ஈசல் கிளம்பும்போது தாழப் பறந்தால், இறங்குவதற்குள் முன்விளிம்பு உப்புத்தாள் போலாகியிருக்கும். மழைத்துளியும் அப்படியே. எஃப்.எக்ஸ். 67-கே-170 போட்ட பி.ஐ.கே.20 கிளைடர் மழையில் தூக்கு இழப்பதற்குப் பேர் போனது. ஆகவே எந்த ஏர்ஃபாயிலைத் தேர்ந்தாலும், முன்விளிம்பிலிருந்து 5 சதவீத இடத்தில் ஓட்டம் கலைந்துவிட்டதாக வைத்து இன்னொரு கணக்கு ஓட்டுங்கள். உச்சத் தூக்கு 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அந்த ஏர்ஃபாயிலை ஒதுக்கிவிடுங்கள். வேலூர் மாவட்டத்தின் மாலை இடிமழையில் சிக்கி இறங்கும்போது அந்த 10 சதவீதம்தான் மிச்சம்.

நுனியில் விங்லெட் (மேல்நோக்கி நிற்கும் சிறு சிறகு) வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அதே உயரத்தை நீளத்தில் சேர்த்தால் அதே பலன், சரிசெய்யும் தலைவலி இல்லை.

இப்போது கையில் எப்படி இருக்கும் என்ற கேள்வி. இங்கேதான் நீள இறக்கை தன் கூலியைக் கேட்கிறது.

விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டுவதில் விதி கேட்பது: 45 டிகிரி சாய்ந்த திருப்பத்திலிருந்து எதிர்ப்பக்கம் 45 டிகிரிக்கு, இறக்கை நீளத்தை மூன்றால் வகுத்த அத்தனை விநாடிக்குள். உங்களுக்கு 5.3 விநாடி. சிறிய விமானம் ஓட்டிப் பழகியவருக்கு இது ஆமை வேகமாகத் தோன்றும். அந்தச் சமயத்தில் இறக்கை நுனியில் நடப்பதைப் பாருங்கள். விநாடிக்கு 18 டிகிரி உருண்டால் 8 மீட்டர் தூரத்து நுனி விநாடிக்கு 2.5 மீட்டர் மேலோ கீழோ போகிறது. முன்னே போகும் வேகம் 29 மீட்டர்தான். ஆகவே நுனிக்கு வரும் காற்றின் கோணம் 5 டிகிரி மாறுகிறது. கீழே போகும் இறக்கையில் தூக்கு விசை 5 டிகிரி முன்னால் சாய்கிறது, மேலே போகும் இறக்கையில் பின்னால் சாய்கிறது. விளைவு: இடப்பக்கம் சாய்த்தால் மூக்கு வலப்பக்கம் போகும். 11 மீட்டர் இறக்கையோடு இரண்டு மடங்கு வேகத்தில் போகும் செஸ்னா 172-இல் இதே கோணம் 2 டிகிரிக்குள் அடங்கிவிடும். அங்கே காலைத் தூங்கவிட்டாலும் திருப்பம் ஒப்பேறும். இங்கே ரடர் (செங்குத்து வாலில் காலால் அசைக்கும் பலகை) இல்லாமல் திருப்பமே இல்லை.

பலர் இதை ஐலெரானின் இழுவை என்று மட்டும் நினைத்து, மேலே 25 டிகிரி கீழே 12 டிகிரி என்று வித்தியாச அசைவு வைத்தால் தீர்ந்தது என்கிறார்கள். அது உதவும், வையுங்கள். ஆனால் தூக்கு விசை சாய்வதால் வரும் பங்கை அது தொடாது. அதற்கு மருந்து வால்தான். செங்குத்து வாலின் பரப்பை அதன் தூரத்தால் பெருக்கி, இறக்கைப் பரப்பையும் நீளத்தையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் 0.022-க்குக் குறையக்கூடாது. உங்களுக்கு 4.6 மீட்டர் தூரத்தில் 1.3 சதுர மீட்டர் என்றால் 0.023 வரும். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ரடருக்கே கொடுங்கள். படுக்கை வாலுக்கு 1.9 சதுர மீட்டர் போட்டால் அதன் கன அளவு எண் (இதே கணக்கு, இறக்கை நீளத்துக்குப் பதில் சராசரி அகலம்) 0.55-க்கு நெருங்கும், போதும். இறக்கையை நீட்டிவிட்டு வாலைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவதுதான் நீட்டிப்பு வேலைகளில் நடக்கும் பெரிய தவறு. வகுக்கும் எண்ணில் நீளம் இருப்பதால், இறக்கை நீள நீள வால் தானாகவே சிறியதாகிக்கொண்டே போகிறது.

அடுத்தது சுற்றுவது. 40 டிகிரி சாய்வில் மணிக்கு 97 கி.மீ. வேகத்தில் சுற்றினால் ஆரம் 89 மீட்டர். உள் நுனி 82 மீட்டர் ஆரத்திலும் வெளி நுனி 95 மீட்டர் ஆரத்திலும் போகின்றன. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கம் என்பதால் வெளி நுனிக்கு 30 சதவீதத்துக்கு மேல் அதிகம். ஆகவே விமானம் தானாக மேலும் மேலும் சாயப் பார்க்கும். கட்டுப்பாட்டுக் குச்சியை வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது உள் இறக்கையின் ஐலெரான் கீழே இறங்கியிருக்கிறது, அதே இறக்கைதான் மெதுவாகவும் போகிறது. ஸ்டால் அங்கே முதலில் வந்தால் அடுத்தது ஸ்பின், அதாவது சுழன்றுகொண்டே விழுவது. 40 டிகிரியில் உங்கள் ஸ்டால் வேகம் 75 அல்ல, 86. மிகக் குறைந்த இறங்கு வேகம் மணிக்கு 78 கி.மீ.யில் விநாடிக்கு 0.94 மீட்டர் என்று கணக்கு காட்டும். அது தாளில் மட்டும் இருக்கும் எண், நேராகப் பறக்கும்போதே ஸ்டாலுக்கு 3 கி.மீ. தள்ளி. நேரில் 85 முதல் 90, சுற்றும்போது 95 முதல் 100 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேல் கீழ் ஆட்டத்தில் ஒரு விசித்திரம். வேகத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றி விழுங்கும் நீண்ட அலைவுக்கு உங்கள் விமானத்தில் ஓர் அலைக்குச் சுமார் 13 விநாடி. அதைத் தணிப்பது இழுவை மட்டும்தான். இழுவை குறைவான விமானத்தில் தணிப்பும் குறைவு. கிளைடு விகிதம் 27 என்றால் தணிப்பு எண் 0.026, கிளைடு விகிதம் 10 உள்ள சாதாரணப் பயிற்சி விமானத்தில் 0.07. இது ஆபத்து இல்லை. ஆனால் மூக்கை இரண்டு டிகிரி தாழவிட்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் சத்தமில்லாமல் ஏறிவிடும். உயரத்தில் இது முக்கியம், ஏனென்றால் இறக்கைப் படபடப்பு உண்மையான காற்று வேகத்தைப் பொறுத்தது, வேகமானி காட்டும் வேகத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. மேலே போகப் போக வேகமானியில் காட்டும் உச்ச எல்லையைக் குறைத்துக்கொண்டே வரும் அட்டவணை ஒன்றை முகப்பில் ஒட்டுங்கள். ஐலெரானுக்கு எதிர் எடை கீல் கோட்டுக்கு முன்னால் முழுமையாக வையுங்கள். மறுபடி பெயின்ட் அடித்தால், 200 கிராம் கூடினாலும், எடைச் சமநிலையைத் திரும்ப அளக்காமல் பறக்கக்கூடாது.

இறங்குவது. கிளைடு விகிதம் 27 என்பது மேலே வரம், ஓடுதளத்தின் மேல் சாபம். ஓரத்துப் பனைமரத்தை 15 மீட்டர் உயரத்தில் தாண்டினால், ஏர்பிரேக் (இறக்கையில் எழும்பி இழுவை கூட்டும் தகடு) இல்லாமல் 400 மீட்டர் போய்த்தான் தரை. அதிலும் தாழ்ந்த இறக்கை என்றால் தரை விளைவால் (தரைக்குப் பக்கத்தில் தூண்டு இழுவை குறைவதால்) அதற்கு மேலும் மிதக்கும். விதி கேட்பது, பிரேக் திறந்த நிலையில் 7-க்கு 1-ஐவிடத் தட்டையாக இருக்கக்கூடாது. அப்போது அதே மரத்திலிருந்து 105 மீட்டர். மேற்பரப்பில் எழும்பும் செம்ப்-ஹிர்த் வகைத் தகடு போதும். அதன் பூட்டு மையம் தாண்டிப் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும். இறக்கை வளையும்போது உள்ளிருக்கும் தள்ளுகம்பியின் நீளம் மாறிப் பூட்டு தளரலாம்; மேற்பரப்பின் உறிஞ்சு விசை தகட்டைத் திறந்துவிடும். ஆகவே நிலைச்சுமைச் சோதனையில் மணல் மூட்டையை அடுக்கி இறக்கையை வளைத்த நிலையிலேயே பிரேக்கையும் ஐலெரானையும் முழுத் தூரம் அசைத்துப் பாருங்கள். வளையாத இறக்கையில் வெண்ணெய்போல் ஓடும் கம்பி, வளைந்ததும் ரிப் துளையில் சிக்கிக்கொள்வது உண்டு. பிரேக் பெட்டியின் வழியே காற்று கசிவதையும் ஐலெரான் இடைவெளியையும் நாடா ஒட்டி அடைத்தால், செலவில்லாமல் அரைப் புள்ளி, ஒரு புள்ளி கிடைக்கும்.

புரொப்பெல்லரைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். நான் சொன்ன 26.7 எல்லாம் அலகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினால்தான். டிமோனாவிலும் குரோப் 109-இலும் இதற்காகத்தான் ஹாஃப்மன் எச்.ஓ.-வி 62 போன்ற மூன்று நிலைப் புரொப்பெல்லர் வந்தது. நிலையான அலகு காற்றில் சுழன்றுகொண்டே இருந்தால் இழுவைக் குணகம் 0.022-ஐத் தொடும், கிளைடு விகிதம் 22-க்கு விழும். இறக்கையை 20 விகிதத்துக்கு ஒடுக்கி ஒன்றேகால் புள்ளி தேடுவதைவிட, இந்த நாலரைப் புள்ளியை முதலில் பிடியுங்கள்.

வேலூர் வெயில். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர். 41 டிகிரி பிற்பகலில் காற்றின் அடர்த்தி 1,200 மீட்டர் உயரத்துக் காற்றுக்குச் சமம், அதாவது கடல்மட்டத்தைவிட 11 சதவீதம் குறைவு. வேகமானியில் அதே வேகம் காட்டும்போது உண்மை வேகம் 6 சதவீதம் கூடுதல். டர்போ இல்லாத எஞ்சின் 12 சதவீதம் சக்தி இழக்கும். 80 குதிரை 70 ஆகும். இரண்டும் சேர்ந்து ஓட்டத் தூரம் 28 சதவீதம் நீளும்: 250 மீட்டரில் எழும்பியது 320 மீட்டர் கேட்கும். ஏறு வேகம், புரொப்பெல்லர் 55 சதவீதம் பயன் தருவதாக வைத்தால், விநாடிக்கு 4.1 மீட்டரிலிருந்து 3.4 ஆகும். இது மோசமில்லை, காரணம் மறுபடியும் நீளம்தான். 16 மீட்டர் இறக்கையில், மணிக்கு 103 கி.மீ.யில், விமானத்தைச் சமமட்டத்தில் பிடித்துவைக்க வேண்டிய இழுவை 239 நியூட்டன், சக்தி 6.8 கிலோவாட், ஒன்பது குதிரை. மீதியெல்லாம் ஏறுவதற்கு. அதே எடையில் 12 மீட்டர் இறக்கை வைத்திருந்தால் இன்னும் 0.4 மீட்டர் ஏறு வேகம் போயிருக்கும். வேறு விதமாகச் சொன்னால், வெயில் பறிப்பதில் பாதிக்கு மேல் நீள இறக்கை திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

எஞ்சினை அணைத்த பிறகு அதே வெயில் நண்பன். மார்ச் முதல் மே வரை, வள்ளிமலை, ரத்தினகிரி போன்ற மொட்டைப் பாறைக் குன்றுகளும் வறண்ட பாலாற்று மணலும் சீக்கிரம் சூடேறும். காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரியில் தண்ணீர் இருந்தால் பகலில் அதன் மேல் காற்று இறங்கும். ஜவ்வாது மலை, ஏலகிரியின் சரிவுகளில் வெயில் படும் பக்கத்தைத் தேடலாம், ஆனால் பள்ளத்தாக்குக்குள் தாழ நுழையாதீர்கள். திரும்ப 90 மீட்டர் ஆரம் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 180.

முதல் பறப்புகளுக்கு இதெல்லாம் வேண்டாம். விடிந்ததும், காற்று அசையாத நேரத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் இருப்பதாலும் சென்னையின் வான் பகுதி பக்கத்தில் இருப்பதாலும், டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதியும் வான் போக்குவரத்து ஒப்புதலும் இல்லாமல் ஓடுதளத்தில் தாவிப் பார்ப்பதுகூடக் கூடாது. இறக்கையை மாட்டிய ஒவ்வொரு முறையும் ஒருவர் குச்சியை அசைக்க, இன்னொருவர் ஐலெரானையும் பிரேக்கையும் கையால் அழுத்திப் பிடித்து எதிர்ப்பு வருகிறதா என்று பாருங்கள். இணைக்காமல் விட்ட தள்ளுகம்பி, காற்றில்லாத தரையில் கண்ணுக்குச் சரியாகவே தெரியும்.

சோதனை வரிசை: முதலில் எடை மையம் முன் எல்லையில், 1,000 மீட்டருக்கு மேல், நேராக ஸ்டால். வேரிலும் நுனியிலும் 5 செ.மீ. கம்பளி நூல்களை ஒட்டி வீடியோ எடுங்கள். நூல் முதலில் கலைய வேண்டியது வேரில். நுனியில் கலைந்தால் வேரின் முன்விளிம்பில் 30 செ.மீ. நீள முக்கோணப் பட்டை ஒட்டி மறுபடி பாருங்கள். உடலும் இறக்கையும் சேரும் மூலையில் நூல் சுழன்றால் அங்கே நிரப்பு வளைவு போதவில்லை. தாழ்ந்த இறக்கை விமானங்களில் வால் நடுங்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான். பிறகு 30 டிகிரி திருப்பத்தில் ஸ்டால், பிறகு 45 முதல் 45 வரை உருட்டும் நேரம். விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்ட கூண்டுக் கண்ணாடியில் ஒட்டும் திசைநூலை எஞ்சின் அணைத்த பின்புதான் நம்ப வேண்டும். ஓடும்போது புரொப்பெல்லர் காற்று அதைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். எடை மையத்தைப் பின் எல்லைக்கு நகர்த்துவதும், ஸ்பின் சோதனையும் இந்த எண்களெல்லாம் கையில் வந்த பிறகு, பாராசூட்டோடு, ஸ்பின் சோதனையில் அனுபவமுள்ள சோதனை விமானியிடம் கொடுக்க வேண்டிய வேலை.